அமாவாசைக்கு ஒரு லினக்ஸ்

டிசைன் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இருவரும் போன வாரம் தொலைபேசியில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டீர்கள். முதலாவது: "மேடம், கம்ப்யூட்டர் திரையில அணில்-3ன்னு ஒரு ஃபைல் இருக்குது. எதுக்கும் யூஸ் ஆவல. அழிச்சிடலாமா?" இரண்டாவது: "எங்க வீட்டு கம்ப்யூட்டர்லயும் லினக்ஸ் போடலாம்னு இருக்கோம். நெட்ல பார்த்தா நூறு வகை காட்டுது. எதைப் போடறது?"

இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். தொலைபேசியில் சொல்லி முடிகிற பதில் அல்ல என்பதால் எழுதுகிறேன். அணில்-2 போளூரில் ஒரு வீட்டு பீரோவில் இருக்கிறது. அணில்-1 எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அணில்-3ஐப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஆரணிப் பட்டு நெசவாளர் சங்கத்தின் டிசைன் அறையில் இருபத்து நான்கு வருடம் வேலை பார்த்தேன். கட்டம் கட்டமாகப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது என்று மருத்துவர் சொன்னதும், ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கினேன். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். இதையும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். நினைவிலிருந்து எழுதினால், என்னை அறியாமலே என்னைப் புத்திசாலியாக்கிவிடுவேன்.

நான் வேலையில் இருந்தபோது ஒரு வருடம் எங்கள் கணினி தினமும் காலையில் ஒரு எச்சரிக்கையைக் காட்ட ஆரம்பித்தது. பழைய விண்டோஸுக்குக் காலம் முடியப்போகிறது. புதியதைப் போட இந்தக் கணினிக்குத் தெம்பு இல்லை. மேலாளரிடம் சொன்னேன். "புது கம்ப்யூட்டர் அடுத்த கூட்டத்துல பாக்கலாம்மா" என்றார். அடுத்த கூட்டம் என்பது எங்கள் சங்கத்தில் ஒரு தேதி அல்ல, ஒரு பதில். அப்போதுதான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, பழைய கணினியிலும் ஓடும் என்று கேள்விப்பட்டேன். விசாரித்தபோது அது ஒன்றல்ல என்று தெரிந்தது. ஒரே பட்டு நூலை எடுத்து ஆளுக்கொரு கரை, ஆளுக்கொரு முந்தி வைத்து நெய்து தருவதைப் போல, ஒரே லினக்ஸை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு விதமாகக் கட்டித் தருகிறது. அந்த வகைகளுக்கு டிஸ்ட்ரோ என்று பெயர்.

எதையும் முயன்று பார்க்க எனக்குக் கிடைத்த நாள் அமாவாசை மட்டும்தான். மற்ற நாள்களில் பக்கத்து அறையில் குமாரி அட்டைக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். நான் கணினியில் வரையும் படத்தை ஜக்கார்டு அட்டைகளில் துளையாகக் குத்துவது அவள் வேலை. அந்த அட்டைகள் தறிமேல் ஏறினால்தான் புடவையில் பூவோ மயிலோ வரும். அமாவாசையன்று மட்டும் தறிகள் ஓடாது, நெசவாளர்களுக்கு விடுமுறை. கணினிக்கும் அன்றுதான் ஓய்வு. ஆகவே அமாவாசைக்கு ஒரு லினக்ஸ் என்று வைத்துக்கொண்டேன். நாட்குறிப்பிலும் அவற்றின் சொந்தப் பெயர்கள் இல்லை. ஆனி லினக்ஸ், ஆடி லினக்ஸ், ஆவணி லினக்ஸ் என்றுதான் இருக்கிறது.

ஆனி லினக்ஸை அழகுக்காகத் தேர்ந்தெடுத்தேன். பென் டிரைவில் ஏற்றி, கணினியில் சொருகி, மேலாளருக்குக் காட்டினேன். அவர் தனியாக வரவில்லை. நிர்வாகக் குழுவில் மூன்று பேரை அழைத்துவந்தார். மூவரும் பட்டு வியாபாரிகள். நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"இந்த ஊதாவ யாரு எடுப்பாங்க?" என்றார் முதலாமவர்.

"அரக்குல இருக்குதா?" என்றார் இரண்டாமவர்.

திரையின் பின்னணிப் படத்தை மாற்றினேன். அரக்கு வந்தது. "நல்லாத்தான் இருக்குது. வேற காட்டும்மா" என்றார் மூன்றாமவர். இப்படிப் பதினான்கு நிறங்கள் காட்டினேன். நாற்பது நிமிடத்தில் இலைப்பச்சைக்கு ஒருமனதாக ஒப்புதல் கிடைத்தது. டீ குடித்துவிட்டுப் போனார்கள். படம் வரையும் மென்பொருளை அவர்களும் திறந்து பார்க்கவில்லை, நானும் திறக்கவில்லை. அவர்கள் போன பிறகு திறந்தேன். சுவர்க் கடிகாரத்தின்படி நான்கு நிமிடம் பத்து விநாடி ஆயிற்று. மறுநாள் குமாரியிடம் சொன்னபோது, "அதுக்குள்ள நான் கீழ போய் வடை வாங்கினு வந்துடுவேனே அக்கா" என்றாள்.

அன்றைய குறிப்பில் இன்னொரு வரி இருக்கிறது: "மாலையில் கணினியை அணைத்துப் போட்டபோது பச்சை போய் மறுபடி ஊதா. காரணம் தெரியவில்லை." இந்த வரியை நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

அழகானது கனமாக இருந்ததால், ஆடியில் இருப்பதிலேயே இலேசானதைத் தேடிப்பிடித்தேன். அதில் பின்னணிப் படமே கிடையாது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒவ்வொன்றையும் கட்டளையாகத் தட்ட வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் ஏற்காது என்பதால் தாளில் எழுதிவைத்து, எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்துத் தட்டினேன். புழுக்கம் தாங்காமல் பழச்சாறு பிழியலாம் என்று வீட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்திருந்தேன். காவலாளி ஒரு முறை கதவைத் திறந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் மூடிவிட்டார்.

மறுநாள் சங்கம் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. "ஆடி அமாவாச அதுவுமா மேடம் தனியா உக்காந்துகினு, கறுப்புத் திரையப் பார்த்து இன்னாமோ முணுமுணுக்கறாங்க. பக்கத்துல எலுமிச்சம்பழம்!" அன்று பதினொரு மணிக்கு ஒரு நெசவாளர் வந்து தயங்கி நின்றார். தறியில் நூல் அடிக்கடி அறுந்துபோகிறதாம். கண்ணேறா, வேறு எதாவதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நூல் ஓடத்தை இழுக்கும் விசைக்கயிற்றைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் வந்து, "நீங்க சொன்னப்புறம் அறுவறதே இல்லீங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். ஆடி லினக்ஸைப் பற்றி வேறு குறிப்பு இல்லை.

இனி ஆவணி.

போளூரிலிருந்து ஒரு குடும்பம் முகூர்த்தப் புடவைக்குச் சொல்லியிருந்தது. முந்தியில் மயில் வேண்டாம், அன்னம் வேண்டாம், அணில் வேண்டும் என்று கல்யாணப் பெண் சொன்னாள். அவள் வீட்டு ஜன்னலுக்குத் தினமும் ஓர் அணில் வருமாம். ஆரணியில் யாரும் முந்தியில் அணில் போட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணம் ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில். புரட்டாசியில் கல்யாணம் செய்ய மாட்டார்கள் என்பதால் தள்ளிப்போடவும் வழியில்லை. அமாவாசை திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. அன்று அவர்கள் புடவையை வாங்கிக்கொள்ள வருவதாக ஏற்பாடு. சதுர்த்தியன்று தறி ஓடாது. ஆகவே வியாழன் மாலைக்குள் புடவை தறியிலிருந்து இறங்கியாக வேண்டும். நெசவாளர் உடல் பகுதியை முடித்துவிட்டார். முந்திக்கான அட்டைகளைச் செவ்வாய் மாலைக்குள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்.

அமாவாசையன்று ஆவணி லினக்ஸைச் சொருகினேன். கனமும் இல்லை, கறுப்பும் இல்லை. பிடித்துவிட்டது. சும்மா தட்டிப்பார்த்தால் போதாது, உண்மையான வேலையைச் செய்து பார்த்தால்தான் தெரியும் என்று தோன்றியது. அணிலை அதிலேயே வரைந்தேன். இருநூற்று நாற்பது கட்டம் உயரம்; ஒரு கட்ட வரிசைக்கு ஓர் அட்டை. முதுகில் மூன்று கோடு. வாலின் ஒவ்வொரு மயிரும் ஜரிகை. நாட்குறிப்பு சொல்கிறது: "காலை 9.10: 'இன்ஸ்டால் செய்யாமல் முயன்று பார்க்க' என்பதைத் தேர்ந்தேன். 9.25: தொடக்கம். 1.00: உணவு. 3.15: வால், பதினோராம் கட்டத்தில் வளைகிறது. 4.40: அணில்-1 என்று சேமித்தேன். 4.45: அணைத்தேன். திருப்தி."

செவ்வாய் காலை கணினியைப் போட்டேன். அணில் இல்லை. பென் டிரைவைச் சொருகி மறுபடி போட்டேன். ஆவணி லினக்ஸ், பிறந்த குழந்தையைப் போல ஒன்றும் அறியாமல் வந்து நின்றது. மூன்று முறை செய்தேன். குமாரி வந்து நான்காம் முறை செய்தாள்.

நடந்தது இதுதான். இன்ஸ்டால் செய்யாமல் முயலும்போது நாம் சேமிப்பதெல்லாம் கணினியின் தற்காலிக நினைவில் இருக்கிறது; அணைத்தால் போய்விடும். ஜவுளிக் கடையில் புடவையை மேலே போட்டுப் பார்க்கும்போது அதன் தலைப்பில் வீட்டுச் சாவியை முடிந்துவிட்டு, புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் நான். 'முயன்று பார்க்க' என்று அது சொன்னதை, மேற்கோள் குறிகூட விடாமல் எழுதிவைத்திருக்கிறேன். ஆனி மாதத்துப் பச்சை, ஊதாவாகத் திரும்பியதையும் எழுதிவைத்திருக்கிறேன். எழுதுவதற்குச் செலவழித்த நேரத்தில் பாதியை யோசிப்பதற்குச் செலவழித்திருந்தால் அணில் தப்பித்திருக்கும்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "தறிக்காரர்கிட்ட கரண்ட் இல்லன்னு சொல்லிடுங்க" என்றார்.

"அவர் வீடு அடுத்த தெருவுல சார். நமக்கு வர்ற கரண்ட்தான் அவருக்கும்."

"அப்போ மயில் முந்தி அட்டை ரெடியா இருக்குதில்ல? அதையே ஏத்திடுங்க."

"பொண்ணு அணில் கேட்டிருக்குது சார்."

"ரெண்டுக்கும் வால் இருக்குதில்ல?" என்றார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இப்படி ஒரு நாள் உங்களுக்கும் வரும். அந்த நேரத்தில் தைரியமாகத் தோன்றுவது, யாருக்கும் சொல்லாமல் உட்கார்ந்து மறுபடி வரைந்துவிடுவது. நானும் அதற்குத்தான் நாற்காலியை இழுத்தேன். முழு அணிலை மறுபடி வரைய எனக்கு ஒரு நாள். இருநூற்று நாற்பது அட்டையைக் குத்திக் கோர்க்கக் குமாரிக்கு ஒரு நாள். தாளில் கூட்டிப்பார்த்தேன். வியாழன் காலைதான் தறிக்குப் போகும். முந்தி நெய்ய இரண்டு நாள் வேண்டும். கணக்கு உதைத்தது. எந்த இடத்தில் குறைக்கலாம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர், அந்தப் புடவையை நெய்துகொண்டிருந்த நெசவாளர் ஒருவர்தான். அவரிடம் உண்மையைச் சொல்லாமல் யோசனை கேட்க முடியாது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அந்த நெசவாளர் என்னைவிட ஆறு வயது இளையவர். பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வார். தறிக்குழியில் காலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேடம். அட்டை ரெடியா? கைய வீசிகினு வர்றீங்க?"

"அணில் போயிடுச்சுங்க."

"எங்க போச்சு? மரத்துல ஏறிடுச்சா?"

முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ மெஷின் ரிப்பேர் இல்ல?" என்றார்.

"இல்லீங்க. என் தப்பு."

"மானேஜர் இன்னா சொன்னாரு?"

"கரண்ட் இல்லன்னு சொல்லச் சொன்னாரு."

அவர் தலையை நிமிர்த்தி, மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை ஒரு தரம் பார்த்தார். பிறகு தறிப்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க மேடம். தறில பாவு நூல் முடியறப்போ கடைசில ஒரு முழம் மிச்சம் நிக்குமே. அதுல நாங்க இன்னா பண்ணுவோம்?"

"புது டிசைன மாதிரிக்கு நெய்ஞ்சு பார்ப்பீங்க."

"ஏன் அதுல?"

"வீணாப்போனாலும் புடவைக்குச் சேதம் இல்ல."

"தெரியுதில்ல? அப்புறம் ஊரான் வீட்டுக் கல்யாண முந்தில போய் மாதிரி பாத்திருக்கீங்களே!"

இருபத்து நான்கு வருடத்தில் யாரும் என்னை அவ்வளவு சரியாகத் திட்டியதில்லை. அதற்குள் அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"இருநூத்தி நாப்பது அட்டை வேணாம். பாதி உயரத்துல போடுங்க. நூத்தி இருபது. அணில் சின்னதானா ஆவட்டும், ரெண்டு வரிசையா ஓடட்டும். நாளைக்குக் காலைல எட்டரைக்குள்ள அட்டை என் தறி மேல ஏறணும். ஏறிச்சுன்னா நான் முடிச்சிடுவேன். ஒம்போதாச்சுன்னா என்னால ஆவாது, இப்பவே சொல்லிட்டேன்." பிறகு சேர்த்துக்கொண்டார்: "பழைய மெஷின்லயே வரைங்க. இன்னொரு தபா புதுசுல போய் பேஜார் பண்ணாதீங்க."

பழைய விண்டோஸில்தான் வரைந்தேன். 11.20க்கு உட்கார்ந்து 3.05க்கு எழுந்தேன். நாட்குறிப்பில் அளவுகள் இருந்ததால் எல்லாவற்றையும் இரண்டால் வகுத்துக்கொண்டே போனேன். வால்தான் சங்கடப்படுத்தியது. பதினோராம் கட்டத்தில் வளைந்த வால், இப்போது ஐந்தரையில் வளைய வேண்டும். ஜக்கார்டுக்கு அரைக் கட்டம் தெரியாது. ஐந்தில் வளைத்தேன். ஜரிகை மயிருக்கும் இடமில்லை. முதுகுக் கோடுகளை மட்டும் விடவில்லை. ஒரு கோடு, ஒரு கட்டம். மூன்று கோடும் இருந்தன. அணில்-2 என்று சேமித்து, கணினியை அணைத்து, மறுபடி போட்டு, இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. குமாரி அன்று மாலையே அட்டைகளைக் குத்தினாள். மறுநாள் ஆறு மணிக்கு வந்து கோர்த்தாள். புதன் காலை 8.15க்கு அட்டைகள் தறிமேல் ஏறின.

வியாழன் மாலை நெசவாளர் புடவையைக் கொண்டுவந்தார். மேசைமேல் முந்தியை விரித்தோம். குமாரியும் குனிந்து பார்த்தாள்.

"அக்கா" என்றாள் குமாரி, "இது அணிலா?"

"ஏன், மூணு கோடு இருக்குதே."

"கோடு இருக்குதுக்கா. கோடு போட்ட எலி."

நெசவாளர் முந்தியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "நான் நெய்ஞ்சது அட்டையில இருந்ததத்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை சங்கத்துக்கு விடுமுறை. மேலாளர் சாவியோடு ஒரு மணி நேரத்துக்கு மட்டும் வந்தார். பத்தரை மணிக்குப் போளூர்க் குடும்பம் வந்தது. பெண், பெண்ணின் அம்மா, மாப்பிள்ளையின் அம்மா. நேரே பெண்ணிடம் சொல்லிவிடுவது என்று இரவே தீர்மானித்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா முந்தியை இழுத்து விரித்துவிட்டார். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். கிட்டப் பார்த்தார்.

"ஐயோ!" என்றார்.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 10.42.

"மூஞ்சூறு! புள்ளையார் சதுர்த்தி அதுவுமா புள்ளையார் வாகனம் முந்தி முழுக்க ஓடுது பாரு! யாரு சொன்னது இதப் போட?" என்று முந்தியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். "நம்ம வூட்டுக்கு ஏத்த பொண்ணுதான்" என்று பெண்ணின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்.

மேலாளர் இதெல்லாம் தம்முடைய யோசனை என்பதைப் போல மெதுவாகத் தலையாட்டினார்.

பெண் முந்தியருகே வந்தாள். குனிந்து ஓர் அணிலின் முதுகில் விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்த்தினாள். நான் அவள் பக்கத்தில் போய், "பெரிசா வரைஞ்சேம்மா. அது என் தப்பால அழிஞ்சுபோச்சு. இது நேரம் இல்லாம போட்டது. வால் சரியா வரல. உனக்கு வேணாம்னா சொல்லு" என்றேன்.

அவள் வருங்கால மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டு ஜன்னலுக்கு வர்றதுக்கும் வால் இப்படித்தாங்க இருக்கும். பூன கடிச்சிடுச்சு." பிறகு புடவையை மடிக்க ஆரம்பித்தாள். "அவங்களுக்கு மூஞ்சூறாவே இருக்கட்டும். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

நான் தப்பித்ததற்குப் பிள்ளையாரும் ஒரு பூனையும் காரணம். அதை என் திறமையில் சேர்க்க முடியாது. உங்களுக்குச் சதுர்த்தி சரியான நாளில் வரும் என்று நம்பி இருக்காதீர்கள்.

புரட்டாசி அமாவாசையன்று அதே ஆவணி லினக்ஸை முறைப்படி நிறுவ உட்கார்ந்தேன். "மகாளய அமாவாசைல புதுசா எதனா ஆரம்பிப்பாங்களாம்மா?" என்று மேலாளர் தடுத்தார். "புதுசு ஆரம்பிக்கல சார், பழைய விண்டோஸுக்குத் திதி குடுக்கறாங்க" என்றாள் குமாரி. மேலாளர் தம் அறைக்குப் போய்விட்டார். ஆனாலும் நான் அவசரப்படவில்லை. மூலையில் யாரும் தொடாமல் கிடந்த இன்னொரு பழைய கணினியில் முதலில் நிறுவினேன். அதுதான் எனக்கு மிச்சமிருந்த ஒரு முழம் பாவு. பின்னணி என்ன நிறம் என்று பார்க்கவில்லை. நெசவாளர்கள் புடவையைக் கையில் வாங்கியதும் முதலில் புரட்டிப் பின்பக்கம்தான் பார்ப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அப்படிப் பார்த்தேன். அட்டை குத்தும் இயந்திரத்துக்குப் போகிற பென் டிரைவ் திறக்கிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா, தமிழ் தட்ட முடிகிறதா. கடைசியாக, ஒரு வேலைக்கும் ஆகாத சின்ன அணில் ஒன்றை வரைந்தேன். அணில்-3 என்று சேமித்தேன். கணினியை அணைத்தேன். கீழே போய் டீ குடித்தேன். வந்து போட்டுப் பார்த்தேன்.

இருந்தது. அடுத்த வாரம் எங்கள் கணினியிலும் அதையே நிறுவி, அந்த அணிலையும் அதில் கொண்டுபோய் வைத்தேன். இப்போது நீங்கள் உட்கார்ந்து வேலை செய்வது அதில்தான்.

நூறு வகையில் எதைப் போடலாம் என்று கேட்டீர்கள். இலேசாக ஓடுகிற எதையாவது எடுங்கள். பெயரைச் சொன்னால் நீங்கள் பெயரை நம்பிவிடுவீர்கள், அதனால் சொல்லவில்லை. அணில்-3ஐத் தாராளமாக அழித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் ஆளுக்கு ஓர் அணில் வரைந்து, சேமித்து, கணினியை அணைத்துவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். திரும்பி வரும்போது உங்கள் அணில் அங்கே இருந்தால், என்னுடையதை அழிக்கலாம்.